இலை மூலையில் உப்பு

"எங்கள் உப்பில் ஒரு குற்றமும் இல்லை என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டு–"

"குற்றம் உண்டென்று நாங்கள் எப்போது சொன்னோம்? வரவேண்டாம் என்றுதானே–"

"குற்றமில்லாத பொருளை ஏன் வரவேண்டாம் என்கிறீர்?"

"அவ்வளவு நல்ல பொருளை நீங்களே வைத்துத் தின்னுங்களேன் ஐயா. யார் கையைப் பிடித்தது?"

முதலில் பேசியவர் வெண்கரை நாட்டுத் தூதர் சிகாமணியார். மறித்துப் பேசியவர் செம்மேட்டு நாட்டு அமைச்சர் ஆவுடையப்பர். எல்லைக்கோட்டின் மேல் போட்ட பந்தலில், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக, ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாய் ஒன்றுதான் என்பதில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை.

வெண்கரைக்குக் கடல் இருந்தது, வயல் இல்லை. செம்மேட்டுக்கு வயல் இருந்தது, கடல் இல்லை. உப்பு ஏறியது, அரிசி இறங்கியது. இரண்டு நாட்டிலும் ஆளுக்கொரு அணையா அடுப்பு இருந்தது. அதன் தயவில் விளக்குகள் எரிந்தன. மூன்று வருடங்களுக்கு முன் வெண்கரையின் அடுப்பு வெடித்து, அதைக் குளிரவைக்க ஊற்றிய தண்ணீர் கடலுக்குப் போயிற்று. "அடுப்பு உடையவில்லை. சற்றுக் காற்று வாங்குகிறது" என்று அரண்மனை அறிவித்தது. அன்று மாலையே செம்மேடு உப்பு வண்டிகளைத் திருப்பி அனுப்பியது. அதே வாரம் செம்மேட்டில், வயல்களுக்குப் பாயும் ஆற்றின் ஓரம் இருந்த சொந்த அடுப்பைச் சுற்றி மூன்றாள் உயரத்துக்கு மதில் எழும்பிற்று. அழகுக்காக என்றார்கள்.

உப்பு நல்லதுதான் என்று உலகுக்குக் காட்ட, வெண்கரைக் குடிகள் தினமும் காலையில் சாவடிக்கு வந்து அதிகாரி முன்னிலையில் ஒரு பிடி உப்பை விழுங்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு அரைப்பிடிச் சலுகை. அதிகாரிகளுக்குப் பார்க்கும் வேலை இருந்ததால் விழுங்க நேரமில்லை. ஊரெல்லாம் தாகமெடுத்துக் குளம் வற்றியதும், தாகமெடுப்பது அடுப்பைக் குறை சொல்வதாகும் என்று அடுத்த ஆணை வந்தது.

செம்மேடு சும்மா இருக்குமா? உப்பில்லாமல் உண்பதே நாட்டுப்பற்று என்றது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியைப் பாடப்புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்தது. உதட்டு வேர்வையை நக்கிய இரண்டு வண்டிக்காரர்கள் கடத்தல் வழக்கில் உள்ளே போனார்கள்.

வெண்கரை உப்பளத்தில் உப்பு வாரும் பேச்சிக்கனிக்கு இந்த அரசியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான். அவள் மருமகளுக்கு ஏழு மாதம். தினமும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் பிடி உப்பை விழுங்கிவிட்டு வருகிறாள்.

எந்தப் பண்டத்தில் நஞ்சு இருந்தாலும் கிர்ரென்று கத்தும் சில்வண்டுப் பெட்டி அரண்மனைக்கு ஒன்றாக இரண்டு நாட்டிலும் இருந்தது. இரண்டும் பூட்டில் இருந்தன. பேச்சிக்கனி மூன்று அரசுக் கச்சேரி ஏறி இறங்கினாள்.

"அய்யா, அந்தப் பெட்டிய என் உப்புக்கிட்ட ஒரு தடவ காட்டுங்க. மருமவளுக்குப் போடலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

"அளந்தால் சந்தேகப்பட்டோம் என்று ஆகிவிடும், அம்மா."

"சந்தேகந்தான் அய்யா படுதேன்."

"அதை வெளியே சொல்லாதே. போ."

இந்தச் சமயத்தில்தான் பழைய உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. வழக்கம் எளியது: செம்மேட்டு அரிசியில் சோறு, வெண்கரை உப்பு, ஒரே பந்தியில் சாப்பாடு. உப்பை வாரிய கைதான் இலையில் உப்பு வைக்க வேண்டும். அதனால் பேச்சிக்கனியை வண்டியேற்றி அழைத்து வந்தார்கள். விருந்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு மருமகளும் பந்தலுக்கு வெளியே நின்றாள்.

சண்டை முற்றியதும் ஆவுடையப்பர் மடியிலிருந்து செம்மேட்டுச் சில்வண்டுப் பெட்டியை எடுத்தார்.

"வாயால் ஏன் பேசவேண்டும்? இதுவே பேசட்டும்."

உப்புச் சட்டியருகே காட்டினார். கிர். கிர். சற்று விட்டு இன்னொரு கிர். சிகாமணியார் முகம் சுருங்கியது.

"கேட்டீரா தூதரே?"

"வெயில் காலத்தில் வண்டு கத்தத்தானே செய்யும்," என்றார் சிகாமணியார்.

ஆவுடையப்பர் சிரித்துக்கொண்டே பெட்டியை எல்லாரும் பார்க்கும்படி தம் இலையின் இடது மூலையில் வைத்தார். சோறு பரிமாறியாயிற்று. பேச்சிக்கனி சட்டியோடு வந்து குனிந்தாள். உப்பு வைக்கும் இடத்தில் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா அய்யா? உப்பு வைக்கிற மூலையில்லா இது."

அமைச்சர் பதில் சொல்லுமுன், பெட்டியைத் தூக்கிச் சோற்றுக் குவியலை ஒட்டி வைத்தாள்.

பெட்டி ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்ததுபோல் கத்திற்று. நிறுத்தவேயில்லை. ஆவுடையப்பர் அங்கவஸ்திரத்தை அதன்மேல் போட்டார். உள்ளிருந்தும் கத்திற்று. கடைசியில் அதன்மேல் உட்கார்ந்தார்.

பிறகு சிகாமணியார் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"வெயில் காலம்," என்றார்.

"ஆமாம் தூதரே. கடும் வெயில்."

"பெட்டிகள் பழசாகிவிட்டன."

"இரண்டையுமே புதைத்துவிடலாம். நட்பின் சின்னமாக."

அரை நாழிகைக்குள் ஓலையில் முத்திரை விழுந்தது. இனி உப்பு ஏறும், அரிசி இறங்கும், இரு நாட்டிலும் எவரும் எதையும் அளக்கக்கூடாது. மூன்று வருடம் தீராத வழக்கு இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததைக் கண்டு எழுத்தர்கள் கண் கலங்கினார்கள். தூதருக்கும் அமைச்சருக்கும் அன்று விரதம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உறவு நிலைக்கும் என்பதற்கு அடையாளமாக, சோற்றைத் தொடாமலே இருவரும் இலையைத் தம் பக்கமாக மடித்தார்கள்.

வெளியே முரசு கொட்டிற்று. "இரு நாட்டு உணவும் பழுதற்றது. பந்தலில் சமைத்த சோறு முழுவதும் குடிகளுக்கே." கூட்டம் இலைக்கு முண்டியடித்தது.

இருவரும் எழுந்தார்கள். உப்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேச்சிக்கனி வழியை மறித்து நின்றாள்.

"என் மருமவ வெளிய வரிசைல நிக்கா அய்யா, வயித்துப் புள்ளையோட. போடட்டுமா, வேண்டாமா? ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லிட்டுப் போங்க."