ராகு காலத்துல தொறந்த கவுண்டர்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி திருநெல்வேலி ட்ரெயினுக்கு முன்பதிவு என்னிக்கு தொறக்கும்னு கேட்டுகினு வரணும். அவ்ளோதான். டிக்கெட் கூட எடுக்க வேணாம்.

விஷயம் இன்னான்னா, என் கொழுந்தியாளுக்கு திருநெல்வேலில வளைகாப்பு. ஞாயித்துக்கிழமை காலைல. என் பொண்டாட்டி செல்விதான் ஒரே அக்கா, சனிக்கிழமையே அங்க இருந்தாகணும்.

பஸ்ல போலாமேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. செல்வி பஸ் ஏறுனா மதுராந்தகம் தாண்டறதுக்குள்ள நாலு எலுமிச்சம்பழம், ஆறு கவர் காலி. ஏசி ரயிலு நமக்கு கட்டுப்படியாகாது. ஸ்லீப்பர்தான் ஒரே கதி.

"ஸ்லீப்பர் கெடைக்கலன்னா என் தங்கச்சிக்கு நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டா.

நான் பொறந்து வளந்தது ஆவடியைத் தாண்டி இருக்கற நெமிலிச்சேரி. எங்க ஊட்லருந்து ஸ்டேஷன் கூப்புட்ற தூரம். ரயிலைப் பத்தி எனக்கு யார் இன்னா சொல்லித் தரணும்னு ஒரு தெனாவட்டு. லோக்கல் ட்ரெயின்ல தொங்கறதுக்கும் ரிசர்வேஷனுக்கும் சம்பந்தமே இல்லன்னு அப்போ தெரியல.

அம்பத்தூர் எஸ்டேட்ல பக்கத்து மிஷின்ல நிக்கற பாஸ்கர்தான் எனக்கு எல்லாத்துக்கும் கூகுள். அவனைக் கேட்டேன்.

"அது நாலு மாசம் முன்னாடியே தொறந்துடும் மாமே. நீ இப்பதான் எந்திரிச்சியா?"

வளைகாப்புக்கு ரெண்டரை மாசம் கூட இல்ல. சாப்பாட்டு நேரத்துல செல்விக்கு போன் போட்டேன்.

"செல்வி, போச்சு."

"ஐயோ, யாருக்கு என்னாச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. டிக்கெட்டு போச்சு."

ரொம்ப அமைதியா, "சாயங்காலம் வீட்டுக்குதான வருவீங்க"ன்னா.

அந்த அமைதிக்கு பயந்துகினு நேரா ஊட்டுக்குப் போகல. ஆவடியிலயே எறங்கி ரிசர்வேஷன் கவுண்டர்ல போய் நின்னேன். உள்ள ஒரு மேடம். நாலு மாசம், வளைகாப்பு, எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன்.

"அந்த நாலு மாசம்லாம் பழைய கதை சார். இப்போ அறுவது நாள்தான். போற நாளை சேக்காம எண்ணுங்க. காலைல எட்டு மணிக்குத் தொறக்கும்."

அந்த மேடத்தைக் கையெடுத்து கும்புடணும் போல இருந்துச்சு. கும்புட்டும் விட்டேன். பின்னாடி நின்னவர், "ஆச்சா?"ன்னு கேட்டாரு.

ஊட்டுக்கு வந்ததும் சொவுத்துல மாட்டுன தினசரி காலண்டரை எறக்கி மடியில வெச்சுகினேன். அந்த வெள்ளிக்கிழமையிலருந்து பின்னாடியே ஒவ்வொரு சீட்டா எண்ணுனேன். மொத தடவை ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ரெண்டாவது தடவை செவ்வாய். ஒரு தடவை சீட்டுங்க ஒட்டிகினு இருந்துருக்கு, ஒரு தடவை போற நாளையும் சேத்துட்டேன். மூணாவது தடவை செல்வியும் கூட உக்காந்து எண்ணுனா. திங்கக்கிழமை. அடுத்த திங்கக்கிழமையே.

சந்தோஷம் தாங்கல. சிவப்பு பேனா எடுத்து அந்த சீட்டுல "8 மணி"ன்னு பெருசா எழுதி, சுத்தி ரெண்டு வட்டம் போட்டேன். அதோட சும்மா இருந்துருக்கலாம். அதைப் போட்டோ புடிச்சு மாமியார் ஊட்டு குரூப்புல போட்டேன், "கவலை வேண்டாம்"னு.

அஞ்சு நிமிஷத்துல மாமியார் போன்.

"மாப்ள, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க எழுதிருக்கியளே எட்டு மணி, அதுக்குக் கீழ என்ன போட்டுருக்குன்னு பாத்தியளா?"

பாத்தேன். ராகு காலம் 7.30 - 9.00. என் சிவப்பு வட்டத்துக்குள்ளயே அழகா உக்காந்துருக்கு.

"வளைகாப்புக்கு வாரதுக்கு ராகு காலத்துலயா டிக்கெட் எடுப்பாவ? ஒம்போது அடிச்சபொறவு எடுங்க."

"அத்தை, ஒம்போது மணிக்கு அந்த ட்ரெயின்ல டிரைவருக்கே எடம் கெடைக்காது."

"அப்போ முந்துன நாளே எடுத்துருங்க."

அறுவது நாள் கணக்கை அத்தைக்கு வெளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "சரி மாப்ள, ஒம்போதுக்கே எடுங்க"ன்னாங்க.

செல்விதான் போனை வாங்கி வழி கண்டுபுடிச்சா. "ஏம்மா, ராகு காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா தோஷம் இல்லலா? இவுக ஏழு மணிக்கே ஃபாரத்தை எழுதிட்டு லைன்ல நிக்கட்டும். டிக்கெட்டு எப்ப வந்தா என்ன?"

அத்தை கொஞ்சம் யோசிச்சாங்க. "ஆரம்பம் நல்ல நேரத்துல இருந்தா செரிதான்"னு அனுமதி குடுத்துட்டாங்க. ஒரே கண்டிஷன், ஏழரைக்குள்ள ஃபாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பணும்.

திங்கக்கிழமை கம்பெனில பர்மிஷன் சொல்லிட்டு ஆறரைக்கே ஆவடில ஆஜர். எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. ஏழு பத்துக்கு, நெத்தியில விபூதியோட, ஃபாரத்தை முத்து முத்தா எழுதி முடிச்சேன். போட்டோ போச்சு. அத்தை கிட்டருந்து ரெண்டு கும்புட்ற கை வந்துச்சு. செல்வி ஒரு இட்லி படம் அனுப்புனா, வந்தா டிபன் உண்டுன்னு அர்த்தம்.

எட்டு மணி. ஷட்டர் தொறந்துச்சு. அதே மேடம். என் முறை வந்ததும் ஃபாரத்தை நீட்டுனேன். பாத்தாங்க. என்னையும் பாத்தாங்க.

"சார், இன்னிக்கு நைட்டே கெளம்புறீங்களா?"

"இல்ல மேடம், வளைகாப்பு..."

"போற தேதின்னு இன்னிக்கு தேதி எழுதிருக்கீங்க."

ஒரு வாரமா தூக்கத்துல கூட இந்த திங்கக்கிழமை தேதியதான் சொல்லிகினு இருந்தேன். கை அதையே எழுதிடுச்சு. போட்டோவைப் பாத்த எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் அது கண்ணுல படல.

"வேற ஃபாரம் எழுதிக் குடுங்க. சீக்கிரம்."

பின்னாடி, "இன்னா அண்ணாத்தே, பரீட்சையா எழுதறே?"ன்னு ஒருத்தர். எழுதறேன். மணி எட்டு நாலு. சுத்தமான, கலப்படமே இல்லாத ராகு காலம். நல்ல நேரத்துல ஆரம்பிச்சது கவுண்டர் குப்பைத்தொட்டில கெடக்குது.

மேடம் கம்ப்யூட்டர்ல தட்டுனாங்க.

"ஒரு லோயர், ஒரு சைடு அப்பர். கன்ஃபர்ம். ஓகேவா?"

ஓகேவாவா? அந்த எடத்துலயே ஆடலாம் போல இருந்துச்சு. பாத்துகினு இருந்தவங்களுக்காக அடக்கிகினேன்.

ஊட்டுக்கு வந்து டிக்கெட்டை சாமி படத்துக்கிட்ட வெச்சேன். ரெண்டாவது ஃபாரம் கதையை மட்டும் வெளிய உடல. இட்லியோட வடகறியும் வந்துச்சு.

"பாத்தியளா, நல்ல நேரத்துல ஆரம்பிச்சதுக்கு பலன்"னா செல்வி. அப்படியே, "ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வரதுக்கு எப்பங்க தொறக்கும்?"னு கேட்டா.

எண்ணத் தேவையே இல்ல. வெள்ளிக்கு திங்கள்னா, ஞாயிறுக்கு புதன். நாளன்னிக்கு, எட்டு மணி. ஜம்பமா எழுந்து போய் காலண்டர்ல அந்த சீட்டைப் புரட்டுனேன்.

எமகண்டம் 7.30 - 9.00.

உள்ள செல்வி அவங்கம்மா கிட்ட போன்ல, "இவுக கெட்டிக்காரவுகம்மா"ன்னு சொல்லிகினு இருந்தா. நான் சத்தம் வராம அந்த சீட்டைக் கிழிச்சு சட்டைப் பையில போட்டுகினேன்.

இந்த வாரம் எங்க ஊட்ல செவ்வாய்க்கு அப்புறம் நேரா வியாழன்தான்.