சிதம்பரத்திலிருந்து ஒரு போன்

கல்யாணத்தை நிறுத்த மொட்டைக் கடுதாசி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த ஸ்டாம்பு செலவுகூட இல்லை. சொந்த அக்காவின் சம்பந்தத்தை ஒரே போனில் கலைத்தவன் நான்.

அப்போது சிதம்பரத்தில் ஐ.டி.ஐ. படித்தேன். (படித்தேன் என்பது பேச்சுக்கு. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறியதுவரை நிஜம்.) நான் மட்டம் போட்டால் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் வரும். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது, அவருக்கு வரும் கால் எல்லாம் என் போனுக்கே வரும்படி மாற்றிவிட்டேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால், "ஒங்க போன் மக்கர் பண்ணுதாம்ப்பா, எனக்கு அடிச்சாங்க" என்று ஓடிப்போய்க் கொடுப்பேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

அந்த வாரம்தான் சிதம்பரத்துக்காரர்கள் அக்காவைப் பெண் பார்த்துவிட்டு, "போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் வீட்டார் முந்திக்கொண்டு கேட்பது எங்கள் பக்கம் கௌரவக் குறைச்சல். அப்பா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"டேய், டவர் இருக்கா பாரு."

"ஃபுல்லா இருக்குப்பா. அவுங்களுக்குத்தான் அக்கா மூஞ்சி புடிக்கல போல."

அக்கா டம்ளரை எறிந்தாள். (குறி தப்பவில்லை.)

மூன்றாம் நாள் என் போனில் ஒரு புது நம்பர் விடாமல் அடித்தது.

"சிதம்பரத்துலேர்ந்து பேசுறோம்ங்க..."

மாப்பிள்ளை ஊரும் அதுதான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. ஐ.டி.ஐ. என்றே முடிவுகட்டி, அப்பாவின் கரகரக் குரலில் பேசினேன்.

"எங்களுக்கு இஷ்டமில்லீங்க. இனிமே இதுக்காவ போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டு டீ வேறு குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து வாசலிலேயே நின்றார். "ஏன்யா, புடிச்சிருக்குன்னு சொல்லத்தான மாப்ளயோட அப்பா கூப்புட்டாரு? மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுனியாமே! வேற எடம் முடிச்சிட்டாங்க."

"எனக்குப் போனே வரலியே!" அப்பா தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா தரகரின் போனை வாங்கி அப்பா நம்பருக்கு அடித்தாள். என் சட்டைப்பையில் குத்துப்பாட்டு அலறியது. பாட்டு முழுசாக ஓடியது. கால் எங்கே போகிறது என்று பார்க்க அப்பா போனில் *#21# போட்டாள், என் நம்பர் வந்தது. ##002# போட்டாள், எல்லா ஃபார்வர்டும் ரத்தானது. போன சம்பந்தத்தை வரவழைக்கத்தான் நம்பர் இல்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கல்யாணமாக மூன்று வருடம் ஆயிற்று. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அப்பாவுக்குப் போன் போட்டால், "மாமா, நீங்கதானா, இல்ல ஒங்க புள்ளயா? கொலதெய்வம் பேரு சொல்லுங்க, நம்புறோம்" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சொல்லி நிரூபிப்பார்.

அக்கா மட்டும் அப்படிக் கேட்பதில்லை. அவள் அம்மா போனுக்குத்தான் கூப்பிடுகிறாள்.