அஞ்சு நிமிஷம் கொரங்கு எண்ணுன லட்சணம்

சனிக்கிழமை காலைல எட்டு மணில இருந்து எட்டு அஞ்சு வரைக்கும், இருவது வீடு வரிசையா ஒட்டி நிக்கிற எங்க லயத்துக்கு வர்ற கொரங்க எண்ணணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அஞ்சே அஞ்சு நிமிஷம். அதையும் சொதப்ப ஒரு தெறமை வேணும். எனக்கு அது நெறையவே இருக்கு.

நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் முன்பள்ளி டீச்சர். முப்பது புள்ளைகள ஒரே நேரத்துல எண்ணி ஒக்கார வைக்கிறவ நானு. கொரங்கெல்லாம் எனக்கு ஒரு கணக்கா? அப்படித்தான் நெனச்சேன். வாயக் குடுத்து மாட்டிக்கிட்டது அங்கதான்.

பசறையில விவசாய ஆபீஸ்ல இருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர் தோட்டத்துக்கு வந்திருந்தாரு. பயிர நாசம் பண்ற மிருகங்கள எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல எண்ணப் போறாங்களாம். கொரங்கு, மயிலு, மர அணிலு, எது வந்தாலும் எழுதணுமாம். எந்த எடத்துல கூடுதலா இருக்குதோ அங்க மொதல்ல வேலி அடிக்க வலை குடுப்பாங்கன்னு சொன்னாரு. எங்க லயத்துக்கு யாரு எழுதுறீங்கன்னு கேட்டாரு. அவரு கேட்டு முடிக்கிறதுக்குள்ள நான் கையத் தூக்கிட்டேன்.

வலைன்னதும் ராஜேஸ்வரி அக்கா மொகத்துல ஒரு வெளிச்சம். கடைசி வீட்டுல இருக்காங்க. தோட்டத்து வேலைல இருந்து பேர வெட்டுன பெறகு அவங்களுக்குன்னு இருக்கிறது லயத்துக்குக் கீழ போஞ்சிக்காய் போடுற துண்டு நெலம் ஒன்னுதான். ரெண்டு தடவ போட்டாங்க. ரெண்டு தடவையும் காய் முத்துறதுக்குள்ள கொரங்கு உருவிருச்சு. இது மூணாவது.

என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. "ஒன்னு கூட விட்றாதீங்க டீச்சர். இந்தத் தடவையும் போச்சுன்னா நான் மம்பட்டியத் தொடவே மாட்டேன்."

"நான் இருக்கேன் அக்கா"ன்னேன். இப்ப நெனச்சா நாக்கக் கடிச்சுக்கணும் போல இருக்கு.

எங்க கொரங்குக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஏழு மணிக்கு பெரட்டு. ஆளுங்க எல்லாம் அங்க வேலைக்குப் பேரு குடுத்துட்டு கொழுந்து மலைக்கு ஏறிருவாங்க, லயம் காலியாயிரும். எட்டு மணிக்கெல்லாம் டர்பன்டைன் காட்டுல இருந்து அதுங்க எறங்கும்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எண்ணுறதுக்கு நெறைய கண்ணு வேணும்னு சங்கத்துத் தலைவர் கிட்டப் போயி நின்னேன். அவரு தோட்டத்து ஆபீஸ்ல பேசி, அன்னிக்கு மட்டும் பெரட்ட எட்டரைக்கு மாத்தினாரு. இருவது வீட்டு ஆளும் வீட்டுலயே இருக்கணும்னு சொல்லி வச்சேன்.

என் வீட்டுக்காரரு பசறையில த்ரீவீல் ஓட்டுறவரு. மொத நாளு சாயந்தரம் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே, ஆளு போனாத்தானே அதுங்க வரும், ஆள எல்லாம் நிப்பாட்டி வச்சா எப்படி வரும்னு கேட்டாரு.

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்க போயி த்ரீவீலக் கழுவுங்க"ன்னேன். மனுசன் போயி கழுவுனாரு.

சனிக்கிழமை ஏழரைக்கே எல்லாரும் ரெடி. அவங்கவங்க வாசல்ல நிக்கணும், பேசக்கூடாது, நாயக் கட்டணும், போன் சத்தத்தக் கொறைக்கணும்னு சட்டம் போட்டேன். நாலாவது வீட்டு அண்ணி பட்டுச்சேலையில வந்து நின்னாங்க. என்ன விசேஷம்னு கேட்டா, போட்டோ எடுப்பீங்கதானேங்கிறாங்க.

எட்டு மணி. எல்லாரும் காட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். ஒரே பனி.

ஒரு நிமிஷம் ஆச்சு. ஒன்னையும் காணோம்.

ரெண்டாவது நிமிஷம் ஒரு காக்கா வந்துச்சு. காக்காவயும் எழுதலாமான்னு தலைவர் சைகையில கேட்டாரு. நான் மொறச்சேன்.

மூணாவது நிமிஷம் பனி கொஞ்சம் வெலகுச்சு. கல்லு மேல ஏதோ பழுப்பா ஒக்காந்திருக்கு. 'ஒன்னு'ன்னு எழுதப் போனேன். காத்து அடிச்சதும் அது பறந்து போச்சு. பாத்தா, காலி உரச் சாக்கு.

நாலாவது நிமிஷம் ராஜேஸ்வரி அக்கா மெல்ல நகந்து வந்து என் காதுல சொன்னாங்க. "நேத்து இந்நேரத்துக்கு பதினாறு நின்னுச்சு டீச்சர். நேத்து உள்ளத எழுதிருவோமா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த நேர்மை வந்துச்சோ. "அக்கா, இது அரசாங்க வேலை. கண்ணால பாத்தத மட்டுந்தான் எழுதணும்"னு வெறப்பா சொன்னேன். அவங்க பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

எட்டு அஞ்சு. ஐயா குடுத்த தாள்ல கொரங்குன்னு போட்டிருந்த எடத்துல அழகா ஒரு முட்டை. கீழ கையெழுத்து. அதோட விட்டேனா? மொத ஆளா அனுப்பணும்னு ஆசை. போட்டோ எடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். ஒடனே பதில் வந்துச்சு. முதலாவதா அனுப்பினது நீங்கள்தான், நன்றி டீச்சர்னு. அத எல்லாருக்கும் காட்டிக்கிட்டு வாசல் வாசலா நடந்தேன்.

ஏழாவது வாசல்ல நிக்கிறப்பதான் எங்க வீட்டுக் குசினில இருந்து டமார்னு ஒரு சத்தம்.

பின்னுக்கு ஓடுனேன். அடுப்புத் திட்டுல ஒரு தடியன் ஒக்காந்து, காலைல நான் சுட்டு வச்ச ரொட்டில கடைசித் துண்ட மென்னுக்கிட்டிருக்கான். சம்பல் சட்டியையும் வழிச்சாச்சு. இன்னொன்னு சீனி டின்னுக்குள்ள கைய விட்டுட்டு எடுக்கத் தெரியாம முழிக்குது. கூரை மேல ஒரு தாய்க்கொரங்கு, வயித்துல குட்டி, கையில என் வீட்டுக்காரரோட சோத்துப் பார்சல்.

எங்க வீடு மட்டுமில்ல. இருவது குசினிலயும் இதே கூத்து. அதுங்களுக்குத் தேவை ஆளு இல்லாத எடம். லயத்து ஆளு மொத்தத்தையும் முன்னுக்கு நிப்பாட்டி, பின்னுக்குக் காலி பண்ணிக் குடுத்த புண்ணியவதி நானு.

அப்பயும் எண்ணுனேன். இருவத்தி மூணு! ஐயாவுக்கு போனப் போட்டேன்.

"எத்தனை மணிக்குக் கண்டனீங்கள்?"

"எட்டு ஏழுக்குங்க ஐயா. ஆனா அதுங்க முந்தியே வந்திருச்சுங்க. ரொட்டி பூரா முடிஞ்சிருக்கு."

"அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

நான் ராஜேஸ்வரி அக்காவப் பாத்தேன். அவங்க என்னயப் பாத்தாங்க.

"இல்லைங்க ஐயா."

"அப்ப பூச்சியம்தான் டீச்சர்."

போன வைக்கிறதுக்குள்ள, வயிறு நெறஞ்ச கூட்டம் பொடி நடையா போஞ்சித் துண்டுக்கு எறங்குது. அக்கா ஒரு தகரத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. லயமே பின்னால ஓடுச்சு. பட்டுச்சேலை அண்ணி சட்டியத் தட்டிக்கிட்டு சேத்துல வழுக்கி விழுந்தாங்க. கத்திக் கூப்பாடு போட்டு பாதி போஞ்சியக் காப்பாத்துனோம். எட்டரைக்கு எல்லாரும் வெறும் வயித்தோட பெரட்டுக்குப் போனாங்க. போறப்ப ஒவ்வொருத்தரும் என்னயப் பாத்த பார்வை இருக்கே, அத நான் எந்தத் தாள்ல எழுதுறது?

ரெண்டு வாரத்துல முடிவு வந்துச்சு. பக்கத்துப் பிரிவுக்கு வலை. எங்களுக்குக் கொரங்குத் தொல்லை இல்லையாம்.

எனக்கு அழுகையே வந்திருச்சு. சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போயி, நான் செஞ்சது தப்புதான் அக்கா, மன்னிச்சிருங்கன்னேன். அவங்க போஞ்சிக்குக் குச்சி சீவிக்கிட்டிருந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல.

"நீங்க நின்னா கொரங்கு வராதுன்னு அரசாங்கமே சொல்லிருச்சே டீச்சர். முன்பள்ளி எட்டரைக்குத்தானே. நாளைல இருந்து எட்டு மணிக்கு துண்டுல வந்து நில்லுங்க."

சும்மா சொல்றாங்கன்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

இன்னியோட ஒரு மாசம். தெனமும் எட்டு மணிக்கு குடையும் கையுமா போஞ்சித் துண்டுல நிக்கிறேன். அக்காவுக்கு காய் நல்லா எறங்கியிருக்கு, கொரங்கு ஒன்னு கூட அந்தப் பக்கம் வரல.

அந்த நேரத்துல எங்க வீட்டுலதான் ஆளு இல்லையே, எல்லாம் அங்க போயிருது.