தொப்பி திறவாப் போராட்டம்

முதல் அநீதி, திறப்பு விழாப் படத்தில் நடந்தது. மலை உச்சி வானாய்வுக்கூடத்து ஊழியர்கள் எல்லாரும் வரிசையாக நின்ற படம். அதில் தலைவரின் இடது முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

இரண்டாவது அநீதி, நாற்காலி. விஞ்ஞானிகளுக்குக் கை வைத்த நாற்காலி. தொலைநோக்கிக்கு மேலே இருக்கிற குவிமாடத்தைத் திறக்கிற தலைவருக்கு முக்காலி. அதிலும் ஒரு கால் ஆட்டம்.

மூன்றாவது, மோட்டார். குவிமாடக் கதவை இழுக்கும் மோட்டார் புகைந்து செத்த அன்று, "புதுசு வர்ற வரைக்கும் கையால சுத்துங்க" என்றார்கள். புதுசு வரவில்லை. அவருக்கு நரைதான் வந்தது.

நான்காவது அநீதிதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு நட்சத்திரத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி. கணினி கொடுத்தவருக்கு நன்றி, கணக்குப் போட்டவருக்கு நன்றி, நடுவில் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன விருந்தாளிக்கும் நன்றி. கதவைத் திறந்தவருக்கு ஒன்றுமில்லை. அவர் திறக்காமல் இருந்திருந்தால் இத்தனை பேரும் கூரைத் தகரத்தைத்தான் ஆராய்ந்திருப்பார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். உலகத்தில் எந்தப் போராட்டமும் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கியதில்லை.

தலைவர் என்று ஊர் அவரைக் கூப்பிட்டது கேலிக்காக அல்ல. சங்கம் உண்டு. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. வாயிற் காவலாளி தொண்டர் படை. இரண்டு பேர்தான் என்றாலும், கூட்டம் என்றால் தலைவர் ஒலிபெருக்கி கேட்பார்.

அன்று மத்தியானம் வானாய்வுக்கூட இயக்குநர் அம்மா தலைவரின் குடியிருப்புக்கு ஓடி வந்தார். காலில் ஒரு செருப்பு நீலம், ஒன்று கறுப்பு.

"தலைவரே, ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சிருக்கு. முதல் சில நாள் வெளிச்சம்தான் முக்கியம். அதுலதான் உள்ள என்ன இருந்ததுன்னு தெரியும். மேற்கே தாழ்வா இருக்கு, இருட்டினதும் கொஞ்ச நேரம்தான். மத்த ஊர்ல எல்லாம் மழை. நம்ம தொப்பியை இன்னிக்கே திறந்தாகணும்."

தொப்பி என்பது குவிமாடத்துக்கு ஊழியர்கள் வைத்த பெயர்.

தலைவர் எழுந்திருக்கவில்லை. "எப்ப வெடிச்சது?"

"ஆறு கோடி வருஷத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு."

"ஆறு கோடி வருஷம் சும்மா இருந்துட்டு, நான் வேலைநிறுத்தம்னு யோசிக்கற வாரமா பார்த்து வருது. இதைத் தற்செயல்னு நான் நம்பணும்."

"நட்சத்திரத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், தலைவரே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நிர்வாகம் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் தொப்பி திறக்காது."

இயக்குநர் இரண்டு நிறச் செருப்போடு திரும்பிப் போனார். தலைவர் உள்ளே வந்து நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அதைத் தன் தியாகத்துக்கான கண்ணீர் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"தீர்மானம் போட்டாச்சு."

"யாரு முன்மொழிஞ்சது?"

"நான்."

"வழிமொழிஞ்சது?"

"நானே. எதிர்ப்பு இல்லாம ஏகமனதா நிறைவேறிச்சு."

"ஏங்க, நட்சத்திரம் எதுக்கு வெடிக்குது?"

இப்படி ஒரு கேள்விக்காகவே தலைவர் காத்திருந்தார். "இந்தா பாரு. பெரிய நட்சத்திரம்னா மேல இருக்கறவன் எல்லாம் நடுவுல இருக்கறவன் தலையில பாரத்தைப் போடுவான். நடுவுல இருக்கறவன் எரிஞ்சு எரிஞ்சு தாங்கிட்டு இருப்பான். ஒரு நாள் எரிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள நடு இடிஞ்சு விழும். மேல இருக்கறவன் எல்லாம் சிதறிப் போவான். மொத்த நட்சத்திரக் கூட்டமும் சேர்ந்து எரியற அளவுக்கு ஒத்தை ஆளா எரியும்."

"அப்புறம் என்ன மிஞ்சும்?"

"ஊரளவு உருண்டை ஒண்ணு. பார்க்கச் சின்னது. கனம் மட்டும் சூரியனுக்கு மேல."

"அது நம்ம வீட்டுலயே உக்காந்திருக்கே," என்று அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

தலைவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோரிக்கை எழுத உட்கார்ந்தார். 'கட்டுரையில் என் பெயர் போட வேண்டும்' என்று எழுதி உரக்கப் படித்தார்.

"நல்லா இல்லீங்க," என்றாள் மனைவி.

"என்ன நல்லா இல்ல?"

"என் பேரு என் பேருன்னு கேட்டா, பேருக்கு அலையறார்னு சொல்லுவாங்க. உங்களுக்கு அது வேண்டாம். கொள்கையா கேளுங்க. எவர் கையால் தொப்பி திறந்ததோ அவர் பெயர் கட்டுரையில் வர வேண்டும். ஆள் பார்க்கக் கூடாது, பதவி பார்க்கக் கூடாது."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் தன் கொள்கை அடுப்படி வரைக்கும் பாய்ந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமை. அப்படியே எழுதி, இயக்குநருக்கு அனுப்ப மடித்து வைத்தார்.

"என்னையும் சங்கத்துல சேத்துக்கங்களேன். ரெண்டு பேரு மூணு பேராகும்."

"அடுப்படிக்குக் கிளை கிடையாது."

"சரி," என்றாள் அவள். அந்தச் 'சரி' சீக்கிரமாக வந்தது. அதை அவர் கவனித்திருக்கலாம்.

அடுத்து ஹேண்டில். கதவைச் சுற்றித் திறக்கும் இரும்பு ஹேண்டில். முழங்கை நீளம், குழந்தைக் கனம். மலையில் அது ஒன்றுதான். வேறு செய்ய வேண்டுமென்றால் பட்டறைக்காரர் மாசக் கணக்கில் இழுப்பார். தலைவர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மனைவியின் கையில் வைத்தார்.

"உயிரே போனாலும் இதை யார்கிட்டயும் கொடுக்காதே."

"கொடுக்க மாட்டேன்."

"இயக்குநர் வந்து காலில விழுந்தாலும்?"

"யார் வந்தாலும் இது என் கையை விட்டு நகராது."

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். இப்படி ஒரு துணை கிடைத்த போராளிகள் சரித்திரத்திலேயே குறைவு.

"நோட்டீஸ் வேண்டாமா?" என்று அவளே ஞாபகப்படுத்தினாள். "அடிவாரத்து அச்சுக்கூடத்துக்குப் போய்ட்டு வாங்க. நீங்க பக்கத்துல நின்னு பார்க்கலன்னா அவன் உங்க எழுத்தைக் கொன்னுடுவான். பொழுது சாயற நேரம்தான் அவனுக்கும் ஓய்வு."

நியாயமான பேச்சு. நோட்டீஸ் இல்லாத போராட்டம் உப்பில்லாத குழம்பு. அன்று முதல் தலைவர் பொழுது சாயும்போது பேருந்தில் மலையிறங்குவார்; சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவார். நோட்டீஸ் ஒரு பக்கத்தில் தொடங்கியது. மறுநாள் 'நட்சத்திரத்தின் சதி' என்று ஒரு பகுதி சேர்ந்தது. அதற்கு அடுத்த நாள் 'தொப்பியின் வரலாறு'. அச்சுக்கூடக்காரர் ஊசி நூல் எடுத்து அதைப் புத்தகமாகத் தைக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது தலைவர் மலை உச்சியை நிமிர்ந்து பார்ப்பார். தொப்பி மூடியிருக்கும். வாசலில் போராட்டம் நடத்த வேண்டிய காவலாளி நாற்காலியில் சாய்ந்து உறக்கத்தில் போராடிக்கொண்டிருப்பார்.

"ஏதாவது அசைஞ்சுதா?"

காவலாளி ஒரு கண்ணைத் திறப்பார். "நான் பார்க்கலீங்க, தலைவரே."

இதுவும் உண்மைதான். அவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

வீட்டில் தைல வாசனை தூக்கியது.

"தோள்ல என்ன?"

"வலி."

"எப்படி வந்தது?"

"உங்க போராட்டத்துல நானும் தோள் கொடுக்கறேன்ல."

அவர் நெகிழ்ந்துபோய்த் தானே தைலம் தேய்த்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் அம்மா வாசலுக்கு வந்தார். இந்த முறை இரண்டு செருப்பும் ஒரே நிறம். கையில் ஒரு தாள்.

"தலைவரே, உங்க கோரிக்கையை ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே ஏத்துக்கறேன்."

தலைவருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவருடைய கோரிக்கை ஒன்று நிறைவேறுவது இதுவே முதல் தடவை. அதற்கு என்ன செய்வது என்று எந்த நோட்டீசிலும் போட்டிருக்கவில்லை.

"தனியா சொன்னா செல்லாது," என்றார் சமாளித்துக்கொண்டு. "சாட்சிகள் முன்னாடி படிக்கணும். நாளைக்கு நீங்க மாத்திப் பேசக் கூடாது."

"உங்க இஷ்டம்."

தலைவரே வீடு வீடாகப் போய் ஆள் கூட்டினார். தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழுவுகிறவர், உணவகக்காரர், தோட்டக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள், காவலாளி எல்லாரும் வாசலில் கூடினார்கள். மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றாள். தலைவர் சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். முகத்தில் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

இயக்குநர் தாளைப் பிரித்தார். "வெடித்த நட்சத்திரத்தின் முதல் நாட்களின் வெளிச்சத்தை எங்கள் தொலைநோக்கி மட்டுமே பதிவு செய்தது. இது எங்கள் கூடத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு."

தலைவரின் அடக்கம் லேசாக ஆடியது. "பதிவு செஞ்சீங்களா? தொப்பிதான் மூடியிருந்ததே?"

"ஊழியர் கோரிக்கையின்படி, ஆளும் பதவியும் பார்க்காமல், ஒவ்வொரு மாலையும் எவர் கையால் குவிமாடம் திறந்ததோ, அவருக்கு இந்தக் கட்டுரை கடன்பட்டிருக்கிறது. அவர் பெயர்..." இயக்குநர் அந்தப் பெயரைப் படித்தார்.

யாரும் கை தட்டவில்லை. யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

"புதுசா யாராவது வேலைக்குச் சேர்ந்திருக்காங்களா?" என்று உணவகக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

தலைவருக்கு மட்டும் தெரிந்தது. அவர் மெல்லத் திரும்பினார்.

"ஹேண்டில் உன்கிட்டதானே இருந்தது?"

"என்கிட்டதான் இருந்தது. யாருக்கும் கொடுக்கல. என் கையை விட்டு நகரவும் இல்ல. அதோட சேர்ந்து நானும் சுத்தினேன்."

"இது வேலைநிறுத்தத்தை உடைக்கற வேலை. சங்கத்துக்குத் துரோகம்."

"சங்கத்துல இருந்தாத்தானே துரோகம். அடுப்படிக்குக் கிளை இல்லன்னுட்டீங்க."

தலைவர் தன் கோஷங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த கோஷம் எதுவும் இந்த நிலைமைக்குப் பொருந்தவில்லை. கழுத்துப் பித்தானைக் கழற்றிக்கொண்டார்.

"எதுக்கு இப்படிச் செஞ்சே?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"இதுக்கு முன்னாடி நடந்த உங்க போராட்டம் எல்லாத்துக்கும் சமைச்சேன். பந்தலுக்குச் சாப்பிட மட்டும் வர்ற நாப்பது பேருக்கு, ஐம்பது பேருக்கு. நோட்டீஸ்ல பந்தல்காரர் பேரு வந்தது, பாய் கொடுத்தவர் பேரு வந்தது. எனக்கும் அநீதி வரிசையா இருக்குங்க. அச்சடிக்கல, அவ்வளவுதான்."

உணவகக்காரர் இன்னும் பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, பின்னாடி சரியா கேக்கலையாம். சாட்சிங்க வேற வந்திருக்காங்க. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் முப்பது வருடத்துக்கு முன்னால் திருமணப் பதிவில் ஒரே ஒரு முறை கேட்ட அந்தப் பெயரை, எழுத்து எழுத்தாக மறுபடியும் படித்தார்.