பவர் மெட்டலுக்கு நான் எழுதிய சோதனை அறிக்கை

நியாயமாக எழுதுகிறேன் பேர்வழி என்று உட்காருகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பொய் சொல்கிறவர்களையாவது பிடித்துவிடலாம். (நான் முதல் வகை. அதனால்தான் சொல்கிறேன்.)

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்து, ஒரு தொழிற்சாலையில் ரேடியோக்களைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலையில் சேர்ந்த வருடம் அது. புக்கிட் மேராவில் இருந்த எங்கள் வீட்டில் தம்பி ஜெரால்டு ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் கிடையாது, கொசு முனகுவதுபோல் முனகும். வம்பு வந்தது ஒரு கேசட்டால். அட்டையில் ஓர் எலும்புக்கூடு வாளோடு டிராகன்மேல் உட்கார்ந்திருந்தது. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவை நடத்தும் அப்பாவின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்னடா இது?"

"ஜெர்மன் பேண்டுப்பா. பவர் மெட்டல்னு ஒரு வகை ராக்."

"இத வாசிக்கத்தான் கிட்டாரா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வித்துடு."

"கேட்டுப் பாக்காமலே சொல்றீங்களே."

"அட்டையப் பாத்தாலே தெரியுது லா. வேணும்னா உங்கக்கா கேட்டு எழுதட்டும். அவ யார் பக்கமும் சாய மாட்டா."

தம்பி என் அறைக்கு வந்தான். "அக்கா, கொஞ்சம் நல்லா எழுதுக்கா."

"உள்ளத எழுதுவேன்" என்றேன். (அந்த வயதில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு ஜெபம் சொல்லலாம்.)

மூன்று மாலைகள், பதினொரு முறை கேட்டேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் ஒலி அளவு பத்துக்கு ஒன்றைத் தாண்டவில்லை. பிறகு எழுதினேன்:

1. வேகம்: நாடித் துடிப்பைப்போல இரண்டு மடங்கு. ஆனால் தாளம் பிசகவில்லை.
2. குரல்: ஆண். நம் குழுவின் பெண்கள் தயங்கும் உயரத்தில் தயங்காமல் நிற்கிறார்.
3. கிட்டார்: இரண்டு. ஒரே மெட்டில் சற்றே விலகி, சேர்ந்து ஓடுகின்றன.
4. பல்லவி: எல்லோரும் கூடிப் பாடுவது. பொருள்: தைரியம், வெளிச்சம்.
5. குறை: டிராகன்கள் தேவைக்கு அதிகம்.

தொழிற்சாலையில் என்றால் அறிக்கையின் முதல் வரியே எந்த நிலையில் சோதித்தோம் என்பதுதான். அப்பாவுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அப்பா இரண்டு முறை படித்தார். "எல்லாருமா சேந்து பாடுறாங்களா?"

"ஆமாப்பா."

"நம்ம ஆளுங்க தூங்கி வழியிறாங்க. ஞாயித்துக்கிழமை பயிற்சில போட்டுக் காட்டு. கிட்டார அப்புறம் பாப்போம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் குழுவின் பதினெட்டுப் பேரும் கோப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிகளை மீறிக் கேட்கவேண்டும் என்று முந்தைய வாரக் கூட்டத்தில் யாரோ ஒலிபெருக்கியின் குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள். ரேடியோ சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

சன்னல் கண்ணாடிகள் பல்லை நறநறத்தன. ஃபிலோமினா ஆன்ட்டியின் கோப்பி அவர் சேலைக்குப் போனது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஃபாதர் பாதிச் சாப்பாட்டில், கையும் கறியுமாக ஓடிவந்தார். நானோ பாட்டை நிறுத்தாமல், கையிலிருந்த அறிக்கையில் எந்த வரி விட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருந்தேன். தம்பிதான் பிளக்கைப் பிடுங்கினான்.

"ரீட்டா," அப்பா மிக மெதுவாகக் கேட்டார், "இது உன் பேப்பர்ல எங்க இருக்கு?"

பேனாவை எடுத்து ஆறாவதாக எழுதிக் கொடுத்தேன்: ஒலி அளவு: மேலே உள்ள ஐந்தும் ஒன்றில் வைத்துக் கேட்டவை.

ஃபிலோமினா ஆன்ட்டி சேலையைப் பிழிந்தபடி, "அப்ப ஒண்ணுல வச்சே போடேன் லா. கோப்பிதான் போச்சு, பாட்டாவது கேப்போம்" என்றார்.

போட்டேன். இரண்டாவது பல்லவியில் அப்பாவின் விரல் தொடையில் தாளம் போட்டது. மூன்றாவதில் பின்வரிசை முணுமுணுத்தது. வீடு திரும்பும் பேருந்தில் தீர்ப்பு வந்தது: கிட்டார் இருக்கலாம், ஆம்ப்ளிஃபயர் வரவே கூடாது. தம்பி இன்றும் கொசு வாசிக்கிறான்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவரைப் பற்றி அப்பா அபிப்பிராயம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: படிப்பு, வேலை, பொறுமை, மென்மையான பேச்சு. அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி. வால்யூம் எத்தனைல வச்சுக் கேட்ட?"

யோசித்துப் பார்த்தேன். "அவங்கம்மா பக்கத்துலயே இருந்தாங்கப்பா. ஒண்ணுலதான்."