பக்கெட்டில் ஊறிய பவளப்பாறை

வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுதான் செய்திருக்கிறேன். அதைக் கடலில் செய்தேன். ஆரணிக்காரன் கடலில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு நிறம் இருந்தது.

எங்களுக்குப் பட்டுப்புடவைத் தொழில். முள்ளிப்பட்டில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறோம். புது நிறம் வேண்டுமென்றால் சாயப்பட்டறைக்கு மாதிரி கொண்டுபோக வேண்டும். பூவோ ரவிக்கைத் துண்டோ கத்தரிக்காயோ, எதுவானாலும் கையில் கொடுத்தாக வேண்டும். எங்கள் சாயக்காரர் தேவராஜ் செல்போன் படத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ("போன்ல ஒரு கலரு, வெயில்ல ஒரு கலரு. பேஜாரு புடிச்ச வேலைங்க அது.") அதனால் கண்ணுக்குப் பிடித்ததில் ஒரு துண்டு கிள்ளிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் (சேத்துப்பட்டுப் பக்கத்துப் பெண், பள்ளி ஆசிரியை) மன்னார் வளைகுடாவுக்குப் பவளப்பாறை பார்க்கப் போனோம். படகுக்காரர் அந்தோணி எனக்கு முகமூடியும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி, ஒரு தீவருகே கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கினார். "எதையும் தொடக் கூடாது சார். அது உசிரு" என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

கீழே விரல் விரலாக நின்றது பாறை. அதன் நுனியில் ஓர் ஊதா. தேவராஜிடம் எத்தனையோ வருடம் கெஞ்சியும் வராத ஊதா. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போய் ஒடித்து, லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டது.

லாட்ஜில் அதை ஒரு பக்கெட் குழாய்த் தண்ணீரில் போட்டேன். (பட்டு நூலை ஊறவைத்தே பழகிய புத்தி.) விடிந்தால் அறை முழுக்க நாற்றம். பக்கெட்டுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு எலும்பு கிடந்தது. ஊதா எங்கேயும் இல்லை.

வாசலுக்கு வந்த லாட்ஜ் மேனேஜருக்கு மோப்பத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. அந்தோணியைக் கூப்பிட்டார். அவர் வந்து பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"கரையில கெடந்துச்சுங்க" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஜாக்கெட்டுக்குள்ள கைய வெச்சிகினே வந்தீங்களே! நெஞ்சு வலியோன்னு பயந்து வழியெல்லாம் ஜெபம் பண்ணிகினு வந்தேன் நானு."

அந்தோணி கத்தவில்லை. "இதப் பாக்கத்தான சார் அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீக? இந்த லாட்ஜு, முக்குல டீக்கடை, ஆட்டோ, எம் படகு எல்லாம் ஓடுறது இது உசிரோட நிக்கிறதாலதான். செத்த கல்லப் பாக்க யாரு வருவா?"

பயணி பாறையை உடைத்தால் அந்த சீசன் முழுக்க அவரை ஏற்றி வந்த படகு ஓடக் கூடாது. அது படகுக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அந்தோணி நினைத்திருந்தால் அந்தத் துண்டைக் கடலில் வீசி விஷயத்தை மூடியிருக்கலாம். ஆனால் அவரே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வனத்துறை அலுவலகத்துக்கு நடந்தார். எனக்கு அபராதம், கட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவருடைய படகு கரையேறியது. ஒடித்த கை என்னுடையது, சும்மா உட்கார்ந்தது அவர்.

கதையைக் கேட்டு தேவராஜ் பட்டறையே அதிரச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளை நிறத்துக்கு 'அப்பா ஊதா' என்று பெயர், என் மகள் வைத்தது. வெளுத்துப்போன சட்டை, சாயம் பிடிக்காத நூல், என் தலைமுடி எல்லாமே அப்பா ஊதாதான். சொந்தக்காரர்கள் வந்தால் மகள் இதைச் சொல்லிச் சிரிக்கவைக்காமல் அனுப்ப மாட்டாள்.

போன வாரம் சாப்பிடும்போது அவள் செல்போனில் எதையோ படித்துவிட்டுச் சொன்னாள்: "கடல் சூடாகி பவளப்பாறையெல்லாம் தானா வெளுத்துகினு வருதாம்ப்பா. எல்லாம் அப்பா ஊதா ஆவுதாம்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, சொன்னவள் உட்பட.