தாடி முளைக்காத மந்திரவாதி

மந்திரவாதிப் படத்துக்கு முன்கதை வருகிறதாம், அதில் அந்தத் தாடிக்காரர் தாடி முளைக்காத வாலிபராக வருகிறாராம் என்று சாத்தூர் டீக்கடையில் காதர் பாட்சா சொன்னார். அவருக்கு அவர் மருமகன் சொன்னானாம். மருமகனுக்கு யார் சொன்னது? அதெல்லாம் கேட்க நேரமில்லை. அதற்குள் ஒருவர் பாதி டீயோடு எழுந்து நின்றுவிட்டார். அவர்தான் முன்கதை விசுவாசி என்னும் உயிரினம்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். படம் வருமுன்பே அது நல்ல படம் என்று முடிவு செய்துவிட்டு, வந்தபின் அந்த முடிவுக்கு ஏற்றபடி படத்தை மனசுக்குள் திருத்திக்கொள்பவர். முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மந்திரக்கோலின் நிழலில் ரகசியம் கண்டுபிடிப்பவர். தாடிக்காரர் ஏன் இடது கையால் தண்ணீர் குடிக்கிறார் தெரியுமா என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரை மடக்குபவர். பாவம், அவர் ரசத்துக்குக் காத்திருந்தார்.

இந்த விசுவாசியின் பெயர் மெர்வின். ஆங்கில வாத்தியார். மனைவி கிருபாவின் அண்ணன் ஜெயசுந்தர் நாரணாபுரத்தில் பூச்சட்டிப் பட்டாசு செய்கிறார். இந்தப் பக்கத்தில் எந்தப் படம் ஓடுகிறதோ அதுதான் பட்டாசுப் பெட்டியின் மேல் ஏறும். தாடிக்காரர் முகம் ஒட்டிய பெட்டியைப் பிள்ளைகள் அழுது வாங்கின. இந்த சீசனுக்கும் அவரே போதும் என்றிருந்தவரை வாலிபர் பக்கம் சாய்த்தது மெர்வின்தான். தாடி இல்லாவிட்டால் ஆளை எப்படித் தெரியும் என்று மச்சான் நியாயமாகத்தான் கேட்டார். ஞானம் முகத்திலேயே தெரியும் என்று பதில் வந்தது.

பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் இரண்டு முகங்களும் தயாராயின. தப்பான முகம் ஏறினால் சீசன் போச்சு.

"மொத ஷோ பாத்துட்டு நீங்க சொல்லுங்க மாப்ள. நீங்க சொல்ற மொகத்த ஓட்டச் சொல்லிருதேன்," என்றார் ஜெயசுந்தர்.

படம் வந்தது. மந்திரவாதிகள் நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மந்திரக்கோல் உரிமத்தை யார் புதுப்பிப்பது என்று இடைவேளை வரை பேசினார்கள். அதன்பின் அதற்கொரு துணைக்குழு அமைத்தார்கள். பறக்கும் நாகம் ஒன்று வந்தது; தூங்கியது. மகள் ஜெபிஷா அதோடு சேர்ந்து தூங்கினாள். கடைசியில் ஒரே ஒரு பொறி பறந்தது. அதையும் ஒரு கிழவர் ஊதி அணைத்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில், தோளில் மகளோடு மெர்வின் தொண்டையைச் செருமினார். "அடுத்த பாகத்துக்கு நல்லா அடித்தளம் போட்டிருக்கான்."

"அடித்தளத்தையா பெட்டில ஒட்டுறது? அண்ணன் பிரஸ்ல நிக்காங்க. படம் நல்லால்லன்னு சொல்லிருங்க."

"இது ரெண்டாந்தடவ பாத்தாத்தான் புரியும், கிருபா."

"அண்ணனுக்கு ஒருதடவ சொன்னாலே புரியும்."

கைபேசி அடித்தது. திரையில் மச்சான். தாடியே போடுங்க, இரண்டே வார்த்தை. படத்தில் வரும் வாயில் நுழையாத மந்திரங்களையெல்லாம் பிசகாமல் ஒப்பிக்கும் மெர்வின் வாய்க்கு இவை மட்டும் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நண்பர்களை இழுத்துக்கொண்டு போன ஓட்டலில், உப்பில்லாத பிரியாணியை மென்றபடி, இன்றைக்கு மாஸ்டர் லீவு போல என்று சொன்னது யார்?

ஜெபிஷா கண்ணைக் கசக்கினாள். "அப்பா, மாமா கூப்புடுதாங்க."

கைபேசி இன்னும் அடிக்கிறது. நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்கள், இல்லையா?